உடம்புக்கும் ஒரு சேமிப்பு

(நமது கூட்டமைப்பின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பெண்களும் உடற்பயிற்சியும்’. தலைப்பை வாசிச்சதும் பின்வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. எதுக்குச் சிரிப்புன்னு எனக்குத் தெரியும். "வெள்ளன நாலரைக்கு எந்திரிச்சா ராத்திரி பத்து மணி வரைக்கும் கால் தரையில் பாவல. இதுக்கு மேல என்னம்மா உடற்பயிற்சி?" இதுதான் உங்க கேள்வி. நியாயமான கேள்விதான். இதுக்குப் பதில் சொல்லாம நான் மேற்கொண்டு எது பேசினாலும் எடுபடாது. அதனால அங்கேயிருந்தே தொடங்குறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினப்போ, வீடு வீடாப் போகும் சுகாதாரத் தன்னார்வலர்களை எங்கேயிருந்து எடுத்தாங்க? நம்மள மாதிரி மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்துதான். அப்படி எடுத்த பெண்களில் நானும் ஒருத்தி. இங்கே இருக்கிறவங்களில் பாதிப் பேர் வீட்டுத் திண்ணையில் உக்காந்து உங்க கையில பட்டையைச் சுத்திப் பிரஷர் பாத்தவ நான். அதனால புத்தகத்தில் படிச்சதை மட்டும் பேசப் போறதில்லை. பாத்ததையும் சேத்துத்தான் பேசுறேன்.

நாமதான் வேலை செய்யிறோமே?

காட்டு வேலை செய்யிறவங்க உடம்பு அசையத்தான் செய்யுது. அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா நம்ம கரிசக் காடு மானாவாரி. புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்தா விதைப்பு. அப்புறம் களை வெட்டு. தை, மாசியில் உளுந்து, பாசி, மக்காச்சோளம் எல்லாம் வீட்டுக்கு வந்துரும். பருத்தி, மிளகாய் இருந்தா இன்னும் கொஞ்ச நாள் ஓடும். அதுக்கப்புறம்? பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் காட்டில் என்ன வேலை இருக்கு? நூறு நாள் வேலை கொஞ்ச நாள். மத்த நாள் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளதான். ஆறு மாசம் முறுக்கேறின உடம்பு அடுத்த ஆறு மாசத்தில் தொளதொளன்னு ஆயிடுது. அடுத்த புரட்டாசியில் மம்பட்டியைப் பிடிச்சா ரெண்டாம் நாளே மேலு வலி, இடுப்பு வலின்னு மாத்திரையைத் தேடுறோம்.

காட்டு வேலையும் முன்ன மாதிரி இல்லை. உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மெஷின். வீட்டில் மிக்ஸி, கிரைண்டர், கேஸ் அடுப்பு. குடத்தைத் தூக்கிக்கிட்டு மைல் கணக்கா நடந்த காலம் பல ஊரில் போயிருச்சு. போனது நல்லதுதான். ஆட்டுரலை ஆட்டிக் கையொடிஞ்ச அம்மாக்களின் பிள்ளைகள் நாம. அந்தக் காலம் திரும்பி வரணும்னு யாரும் ஆசைப்பட வேண்டாம். ஆனா அந்த வேலையோட சேந்து உடம்பின் அசைவும் போயிருச்சு. அதுக்குப் பதிலா நாம எதையும் வைக்கல.

இன்னொரு பக்கம், புதியம்புத்தூர்ப் பக்கம் ரெடிமேட் துணி தைக்கிற பெண்கள் காலையில் மெஷின்ல உக்காந்தா மதியச் சாப்பாட்டுக்குத்தான் எந்திரிக்கிறாங்க. கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி வேலை பாக்கிற பெண்களும் அப்படித்தான். கையும் கண்ணும் ஓயாம வேலை செய்யுது. இடுப்பும் காலும் எட்டு மணி நேரம் மடங்கியே கிடக்கு. அலுப்பு வேற, உடம்பு அசைவு வேற. ரெண்டையும் ஒண்ணுன்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம்.

இதை எழுபது வருஷத்துக்கு முன்னாடியே ஒரு டாக்டர் கண்டுபிடிச்சாரு. லண்டனில் மாடி பஸ் ஓடும். டிரைவர் நாள் முழுக்க உக்காந்திருப்பார். கண்டக்டர் நாள் முழுக்கப் படி ஏறி இறங்கி டிக்கெட் போடுவார். ரெண்டு பேருக்கும் அதே பஸ், அதே ஊர். ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் ரெண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பாத்து 1953-இல் வெளியிட்டார். டிரைவர்களுக்குத்தான் மாரடைப்பு அதிகம். அலுப்பு ரெண்டு பேருக்கும் உண்டு. அசைவு ஒருத்தருக்குத்தான் இருந்துச்சு.

எவ்வளவு தூரம் போயிருக்கு

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஒரு கணக்கு இருக்கு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுக்குள்ள இருக்கும் பெண்களில் எடை கூடுதலா இருக்கிறவங்க 2015-16-இல் நூற்றுக்கு 31 பேர். 2019-21-இல் நூற்றுக்கு 40 பேர். அதே கணக்கெடுப்பில் ரத்தசோகை இருக்கும் பெண்கள் நூற்றுக்கு 53 பேர். அதாவது எடை இருக்கு, தெம்பு இல்லை. சர்க்கரை நோயைப் பத்தி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2023-இல் வெளிவந்த ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெரியவங்களில் நூற்றுக்கு 14 பேருக்குச் சர்க்கரை.

இது யாருக்கோ வந்த கணக்கு இல்லை. உங்க குழுவோட தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் பாருங்க. உள்கடன் வாங்கின காரணம் என்னன்னு வாசிங்க. ஆடு வாங்க, மாடு வாங்க, பிள்ளை படிப்பு, அதுக்கு அடுத்து என்ன வருது? ‘மருத்துவச் செலவு.’ தையல் மெஷின் வாங்கின கடன் தையல் மெஷினா வீட்டில் நிக்கும். ஆட்டுக்கு வாங்கின கடன் குட்டி போடும். சர்க்கரையில் காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததுக்கு வாங்கின கடன் திரும்பி என்ன கொடுக்கும்? வேலைக்குப் போக முடியாத ஒரு பெண்ணையும், கட்ட வேண்டிய தவணையையும் கொடுக்கும். நாம பத்து ரூபா, இருபது ரூபாயாச் சேத்துக் கட்டின குடும்பம் அந்த ஒரு இடத்தில் சரியுறதை நான் வீடு வீடாப் பாக்குறேன். அதனாலதான் இந்தக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வேணும்னு கேட்டு வாங்கினேன்.

நடந்தா என்ன கிடைக்கும்?

நம்ம சென்னையிலேயே செஞ்ச ஒரு ஆய்வைச் சொல்லுறேன். டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்தது, 2006-இல் வெளிவந்துச்சு. சர்க்கரை நோய் இன்னும் வரல, ஆனா வாசல் வரைக்கும் வந்திருச்சு என்ற நிலையில் இருந்த 531 பேரை எடுத்துக்கிட்டாங்க. ஒரு பிரிவுக்குச் சாதாரண அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவுக்குச் சாப்பாட்டில் கட்டுப்பாடும், தினம் குறைஞ்சது 30 நிமிஷம் வேகமான நடையும். மூணு வருஷக் கணக்கில், முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துருச்சு. நடந்த பிரிவில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்துச்சு. மாத்திரை மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவுக்கும் ஏறக்குறைய இதே பலன்தான் கிடைச்சுச்சு. நூறு பேரில் பதினாறு பேர் தப்பிச்சாங்கன்னா, நம்ம கூட்டமைப்பில் எத்தனை பேர்னு நீங்களே கணக்குப் போடுங்க.

அந்த ஆய்வில் நமக்கு வேண்டிய சேதி இன்னும் ரெண்டு இருக்கு. ஒண்ணு: கடினமான உடலுழைப்பு செய்யிறவங்களை அவங்க ‘கூடுதலா நடங்க’ன்னு சொல்லல, ‘செய்யிறதை விடாமச் செய்யுங்க’ன்னுதான் சொன்னாங்க. அதனால களை வெட்டுற மாசத்தில் நீங்க நடைக்குப் போகலன்னா பாவம் ஒண்ணும் இல்லை. வேலை இல்லாத மாசத்துக்குத்தான் நடை. ரெண்டாவது: நடந்த பிரிவுக்கு எடை பெருசாக் குறையல. எடை குறையாமலேயே நோய் தள்ளிப்போச்சு. இதை நல்லா மனசில் வைங்க. ஏன்னா, ஒரு மாசம் நடந்துட்டு ரேஷன் கடைத் தராசில் ஏறி நின்னு, "அப்படியேதான் இருக்கேன், இதுல என்ன பிரயோசனம்"னு விட்டுட்டவங்க நம்மில் நிறைய. முள் அசையலன்னாலும் உள்ளே வேலை நடக்குது. தசை அசையும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அது இழுத்துக்குது. பிரஷர் இறங்குது. ராத்திரி தூக்கம் வருது. தராசை மறந்துருங்க. பஸ் ஏறும்போது மூச்சு வாங்குதா, தரையில் உக்காந்தா கையூணாம எந்திரிக்க முடியுதா, இதைப் பாருங்க. அதுதான் நமக்கு அளவு.

எங்கேயிருந்து தொடங்குறது?

2023 நவம்பர் 4-ஆம் தேதி ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று அரசு ஒரு திட்டம் தொடங்குச்சு. ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை. நல்ல திட்டம். ஆனா பத்து வருஷமா நடக்காத ஒரு அக்கா முதல் நாளே 8 கிலோமீட்டர் நடந்தா என்ன ஆகும்? மறுநாள் கரண்டைக்கால் வீங்கிப் படுத்துக்கும். மூணாம் நாள், "நமக்கு இதெல்லாம் ஒத்து வராது"ன்னு முடிவாயிரும்.

தினம் 10 ஆயிரம் அடி எடுத்து வைக்கணும்னு செல்போனில் பாத்திருப்பீங்க. அது டாக்டர் எழுதின சட்டம் இல்லை. 1965-இல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணுற கருவிக்கு வச்ச பேரு. ‘பத்தாயிரம் அடி மானி’ன்னு அர்த்தம். விற்பனைக்காக வச்ச பேரு ஊரெல்லாம் பரவிருச்சு. பின்னாடி அமெரிக்காவில் வயசான பெண்கள் 16 ஆயிரம் பேருக்கு மேல வச்சு ஆய்வு செஞ்சு 2019-இல் வெளியிட்டாங்க. தினம் 2,700 அடி நடந்தவங்களை விட 4,400 அடி நடந்தவங்க அதிக நாள் வாழ்ந்தாங்க. ஏழாயிரத்து ஐநூறுக்கு மேல நடந்தும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால பெரிய எண்ணைப் பாத்து மலைக்க வேண்டாம். கொஞ்சமா நடக்கிறவ இன்னும் கொஞ்சம் நடந்தா, அதுக்கே பலன் அதிகம்.

குழு தொடங்கினப்போ நம்ம சேமிப்பு எவ்வளவு? மாசம் ஆயிரம் ரூபாயா கேட்டாங்க? அப்படிக் கேட்டிருந்தா ஒருத்திகூடச் சேந்திருக்க மாட்டா. கையைக் கடிக்காத தொகையிலதான் தொடங்குனோம். தொகை சின்னது, ஆனா தவறாத நாள், தவறாத கூட்டம். அதே கணக்குதான் இதுக்கும்.

முதல் ரெண்டு வாரம்: தினம் 10 நிமிஷம், வாரத்தில் ஐந்து நாள். பைய நடங்க. 
மூணு, நாலாம் வாரம்: 15 நிமிஷம். 
ஐந்து, ஆறாம் வாரம்: 20 நிமிஷம். 
ஏழு, எட்டாம் வாரம்: 25 நிமிஷம். 
ஒன்பதாம் வாரத்திலிருந்து: 30 நிமிஷம்.

30 நிமிஷம், ஐந்து நாள், ஆக வாரத்துக்கு 150 நிமிஷம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்லும் குறைஞ்ச அளவு அதுதான். மொத்தமா நடக்க முடியலன்னா காலையில் பத்து, மதியம் பத்து, ராத்திரி பத்துன்னு பிரிச்சுக்கலாம். சாப்பிட்ட பிறகு பத்து நிமிஷம் தெருவில் நடந்தா சர்க்கரை ஏறுறது மட்டுப்படும். முன்னெல்லாம் ஒரேயடியாப் பத்து நிமிஷமாவது நடந்தாத்தான் கணக்குன்னு சொன்னாங்க. 2020-இல் அதையும் எடுத்துட்டாங்க. அஞ்சு நிமிஷ அசைவும் கணக்கில் சேரும்.

வேகம் எப்படித் தெரியும்? கூட வர்றவகிட்டப் பேச முடியணும், ஆனா பாட்டுப் பாட முடியக் கூடாது. பாட முடிஞ்சா இன்னும் கொஞ்சம் வேகமா நடக்கலாம். பேசவே மூச்சு முட்டினா வேகத்தைக் குறைங்க.

நடை மட்டும் போதாது

வாரத்தில் ரெண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கணும். இதுக்கு ஜிம் வேண்டாம், காசு வேண்டாம்.

நாற்காலியைச் சுவத்தோட ஒட்டிப் போடுங்க. கையை ஊணாம எந்திரிங்க, பைய உக்காருங்க. முதல்ல அஞ்சு தடவை. நாள் போகப் போகப் பத்து. முடியலன்னா முதல்ல கையூணியே எந்திரிங்க.

சுவத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்னு, ரெண்டு உள்ளங்கையையும் சுவத்தில் வச்சு, முழங்கையை மடக்கிச் சாஞ்சு, திரும்பத் தள்ளுங்க. பத்துத் தடவை. குடம் தூக்குற கைக்கு இதுதான் தெம்பு.

அடுப்பில் பால் பொங்குறதுக்கு நிக்கும் நேரத்தில் சமையல் மேடையைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க.

மூட்டு வலிக்காரங்க, "மூட்டு தேஞ்சிருக்கு, நடந்தா இன்னும் தேயுமே"ன்னு சொல்லுவீங்க. தொடைத் தசை தெம்பா இருந்தா அது பாரத்தைத் தாங்கிக்கிடும். தசை செத்துப்போனா மொத்தப் பாரமும் மூட்டுல இறங்கும். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கிக்கிட்டு, இன்னொரு காலை நீட்டினபடியே ஒரு அடி உயரம் தூக்கி, அஞ்சு எண்ணி, பைய இறக்குங்க. ஒரு காலுக்குப் பத்துத் தடவை. வலி ரொம்ப இருக்கிறவங்க சொல்லுங்க; மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்டும் இருக்காங்க.

அடுத்து, ஆம்பளைங்க இல்லாத கூட்டம் என்பதால வெளிப்படையாவே சொல்லுறேன். பாதிப் பேர் வேகமா நடக்கப் பயப்படுறது மூச்சுக்கு இல்லை. இருமினா, தும்மினா, குதிச்சா மூத்திரம் கசியுது. ரெண்டு மூணு பிள்ளை பெத்த உடம்பு. யார்கிட்டேயும் சொல்லாம, நாலு பேரோட வெளியே போறதையே நிறுத்திக்கிட்டவங்களை எனக்குத் தெரியும். இது வெக்கப்பட வேண்டிய விஷயம் இல்லை, விதியும் இல்லை. மூத்திரத்தை அடக்குற மாதிரி அந்தத் தசையை இறுக்கி, அஞ்சு எண்ணி, விடுங்க. பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூணு வேளை. உக்காந்தபடியே செய்யலாம், பக்கத்தில் இருக்கிறவளுக்குக்கூடத் தெரியாது. மூத்திரம் போகும்போது மட்டும் இதைச் செய்யாதீங்க. ரெண்டு மூணு மாசம் விடாமச் செய்யணும். அடியிறக்கம் மாதிரி எதாவது தட்டுப்பட்டா ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேடி டாக்டரைப் பாருங்க.

கவனமா இருக்க வேண்டியது

நெஞ்சு வலி வந்தவங்க, ஆபரேஷன் ஆனவங்க, கர்ப்பிணிகள், பிரஷர் ரொம்பக் கூடுதலா இருக்கிறவங்க டாக்டர்கிட்டக் கேட்டுட்டுத் தொடங்குங்க. நடக்கும்போது நெஞ்சை அழுத்துற மாதிரி இருந்தாலோ, இடது கை, தாடைப் பக்கம் வலி போனாலோ, கண்ணைக் கட்டினாலோ உடனே உக்காந்துருங்க. 108-க்குப் போன் போடுங்க. "வாய்வுப் பிடிப்பு"ன்னு சொல்லிக் கசாயம் குடிச்சு நேரத்தைக் கடத்தாதீங்க.

சர்க்கரைக்கு ஊசி போடுறவங்க, மாத்திரை சாப்பிடுறவங்க வெறும் வயித்தில் நீண்ட தூரம் போக வேண்டாம். முந்தானையில் ரெண்டு மிட்டாயோ, கொஞ்சம் சீனியோ முடிஞ்சுக்கோங்க. படபடன்னு வந்து வேர்த்து, கை நடுங்கினா உடனே வாயில் போடுங்க. கடலைமிட்டாய் நம்ம ஊர்ச் சாமான்தான். ஆனா அதில் எண்ணெய்ச் சத்து இருக்கிறதால சர்க்கரை மெதுவாத்தான் ஏறும். அந்த அவசரத்துக்குச் சீனிதான் சரி.

செருப்பு இல்லாம நடக்கக் கூடாது. நம்ம ஊரில் சீமைக் கருவேலம் இல்லாத பாதை ஏது? சர்க்கரையில் கால் மரத்துப்போனவளுக்கு முள் ஏறினது தெரியாது. நாலு நாள் கழிச்சு சீழ் பிடிச்ச பிறகுதான் தெரியும். பின்பக்கம் வார் வச்ச செருப்பாப் போடுங்க. கால் மரத்தவங்க எம்.சி.ஆர். செருப்புக் கேட்டு வாங்குங்க. வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பாருங்க. கண் தெரியலன்னா பேத்தியைப் பாக்கச் சொல்லுங்க.

சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்குள்ள முடிச்சுருங்க. இல்லைன்னா பொழுது சாஞ்ச பிறகு. மழைக் காலத்தில் கரிசல் காலில் அப்பிக்கிடும், வழுக்கும். அந்த நாளில் தார் ரோட்டிலோ, பள்ளிக்கூட வராண்டாவிலோ, வீட்டுக்குள்ளேயோ நடங்க.

விடாமப் பிடிக்கிறது எப்படி?

தொடங்குறது லேசு. நிலைக்கிறதுதான் பாடு. ஆனா இதில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வாரம் தவறாமக் கூட்டம் போட்டு, வருசக் கணக்காத் தவணை தவறாமக் கட்டின கூட்டம் இது. அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டு வாங்க.

முதலாவது, நேரத்தை எதோடயாவது கட்டிப் போடுங்க. "நேரம் கிடைக்கும்போது நடப்பேன்"னு சொன்னா நேரம் கிடைக்கவே கிடைக்காது. ‘வாசல் தெளிச்சு, கோலம் போட்டதும்’, ‘பிள்ளைகள் பள்ளிக்கூட வேன் ஏறினதும்’, ‘ராத்திரி பாத்திரம் கழுவினதும்’ என்று ஒரு வேலையோட முடிச்சுப் போடுங்க. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வச்சுப் பாத்தாங்க. ஒரு புதுப் பழக்கம் தன்னால வர்ற அளவுக்கு ஊற, சராசரியா 66 நாள் ஆச்சு. சிலருக்கு 18 நாள், சிலருக்கு எட்டு மாசத்துக்கு மேலேயும் ஆகும்னு கணக்கு வந்துச்சு. அதனால ஒரு மாசத்தில் பழகலன்னா உங்ககிட்டக் குறை ஒண்ணும் இல்லை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால பழக்கம் கெட்டுப் போகலன்னும் அதில் தெரிஞ்சுச்சு.

ரெண்டாவது, தனியாப் போகாதீங்க. ரெண்டு பேர், மூணு பேராப் போங்க. நாய்க்கும் பயமில்லை, நாக்குக்கும் பயமில்லை. ஒருத்தி தனியா நடந்தா, "வேலை வெட்டி இல்லாதவ"ன்னு சொல்லுற வாய், பத்துப் பேர் சேந்து நடந்தா, "எங்க வீட்டுக்காரியும் வரட்டுமா?"ன்னு கேக்கும். முதல் முதல் குழு தொடங்கினப்போ நம்மள என்னவெல்லாம் சொன்னாங்க? இப்போ லோன் வேணும்னா நம்மகிட்டத்தான் வர்றாங்க. வீட்டில், "போகட்டுமா?"ன்னு கேக்காதீங்க. "போயிட்டு வாரேன்"னு சொல்லுங்க.

மூணாவது, ஞாபகப்படுத்த ஒரு ஆள் வேணும். அதே டாக்டர் ராமச்சந்திரன் குழு, வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரை வச்சு இன்னொரு ஆய்வு செஞ்சு 2013-இல் வெளியிட்டாங்க. ஒரு பாதிக்குச் செல்போனில் நடை, சாப்பாடு பத்திச் சின்னச் சின்னக் குறுஞ்செய்தி அனுப்பினாங்க. ரெண்டு வருஷத்தில் செய்தி போகாதவங்களில் நூற்றுக்கு 27 பேருக்குச் சர்க்கரை. செய்தி போனவங்களில் 18 பேருக்குத்தான். நமக்குக் குழு வாட்ஸ்அப் இருக்கு. அதைவிடப் பெருசா, பக்கத்து வீட்டு மதினியோட குரல் இருக்கு. "ஏ மதினி, எந்திரிச்சாச்சா?"ன்னு ஒரு சத்தம் போதும்.

நாலாவது, எழுதி வைங்க. நடந்த நாளுக்குக் காலண்டரில் ஒரு டிக். எத்தனை நிமிஷம்னு கூட வேண்டாம். 

ஐந்தாவது, இடையில் நின்னாத் திரும்பத் தொடங்குற வழி தெரியணும். கொடை வரும், கல்யாணம் வரும், பேறுகாலம் பாக்கப் போகணும், அறுப்பு வரும். நிக்கத்தான் செய்யும். ஒரு உறுப்பினர் ரெண்டு மாசத் தவணை கட்டலன்னா அவளைக் குழுவை விட்டு விரட்டுறோமா? உக்கார வச்சுப் பேசி, முடிஞ்ச தொகையில் திரும்பத் தொடங்கச் சொல்லுறோம். உங்க உடம்புகிட்டேயும் அதே நியாயத்தைக் காட்டுங்க. ஒரு வாரத்துக்கு மேல விட்டுப்போச்சா, பழைய நிமிஷத்தில் பாதியில் தொடங்குங்க. 30 நடந்தவ 15-இல் தொடங்கட்டும். ஒரு நாள் விட்டா விட்டுப் போகட்டும். அடுத்த நாளையும் விடாம இருந்தாப் போதும்.

நடையே பிடிக்கலன்னா கும்மி அடிங்க. முளைப்பாரி வளக்கும் நாளில் ராத்திரி ராத்திரி வட்டம் சுத்திக் கும்மி அடிக்கிறோமே, அதில் வேர்க்காத ஆள் உண்டா? அப்போ அறுபது வயசு அத்தையும் ஆடுறாங்க, மூட்டு வலி ஞாபகமே வர்றதில்லை. சாமிக்கு வருஷத்தில் ஏழு நாள் அடிக்கிற கும்மியை, நமக்காக வாரத்தில் ரெண்டு நாள் அடிச்சா யாரு வேண்டாம்னு சொல்லப் போறாங்க?

கூட்டமைப்புக்கு மூணு தீர்மானம்

பேசிட்டுக் கலைஞ்சு போனா இது வெறும் பேச்சு. தலைவியும் செயலாளரும் அனுமதிச்சா, மூணு தீர்மானத்தை முன்வைக்கிறேன்.

ஒண்ணு: இனிமேல் ஒவ்வொரு குழுக் கூட்டமும் தொடங்கும் முன்னே பத்து நிமிஷம் நாற்காலிப் பயிற்சி, சுவர்ப் பயிற்சி, இல்லைன்னா கும்மி. அதுக்கப்புறம் கணக்கு.

ரெண்டு: வருகைப் பதிவேட்டில் ‘நடை’ என்று ஒரு கட்டம் கூடுதலாப் போடணும். அந்த வாரம் எத்தனை நாள் நடந்தாங்கன்னு எண்ணை மட்டும் எழுதணும். நடக்காதவங்களுக்கு அபராதம் கிடையாது, கேலியும் கிடையாது. தொடர்ந்து பூஜ்யம் போடுறவ வீட்டுக்கு ரெண்டு பேர் போய், "என்ன செய்யுது?"ன்னு கேக்கணும். பாதி நேரம் அங்கே வேற ஏதோ ஒரு கஷ்டம் இருக்கும்.

மூணு: அடுத்து வரும் கிராம சபையில் ஒவ்வொரு ஊரிலும் நாம சேந்து போய் ஒரு கோரிக்கை வைக்கணும். கம்மாய்க் கரையிலோ, பள்ளிக்கூடச் சாலையிலோ ஒரு கிலோமீட்டர் பாதை. அதில் கருவேல முள்ளை வெட்டிச் சுத்தம் பண்ணி, நாலு தெருவிளக்குப் போட்டுத் தரணும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடத்தான் போகுது. இருட்டுக்கும் முள்ளுக்கும் பயந்து எந்தப் பெண்ணும் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது. நடக்கிற மனசு நம்ம பொறுப்பு. நடக்கிற பாதை ஊராட்சியின் பொறுப்பு.

இந்த மூணையும் இப்போவே கைதட்டி முடிவு பண்ண வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் குழு வாரியாப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க.

அதுக்கு முன்னே ஒண்ணு. எல்லாரும் நாற்காலியில்தான் இருக்கீங்க. நானும் மேடையில் செய்யிறேன், நீங்களும் செய்யுங்க. கையை நெஞ்சில் கட்டிக்கோங்க. எந்திரிங்க... பைய உக்காருங்க. அஞ்சு தடவை போதும். முடியாதவங்க முன்னாடி நாற்காலியைப் பிடிச்சுக்கோங்க.